ஹெட்லைட் எரியும், செல்ஃப் எடுக்காது

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு முழுக்க விளக்குகள் எரிகின்றன. ஏ.சி. காற்று வீசுகிறது, ஹாரன் அடுத்த தெருவரை கேட்கிறது. சாவியை இன்னும் ஒரு படி திருப்பினால் மட்டும் ஒரு ‘டக்’. அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி ‘டக்’. அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் காலை எட்டரை மணிக்கு இந்தச் சத்தம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் ஆலோசனைக் குழு கூடிவிடும். “பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுடுங்க” என்பார் ஒருவர். “லைட்டு இவ்ளோ பளிச்சுனு எரியுது, பேட்டரி எப்படிங்க போகும்? செல்ஃப் மோட்டார்தான்” என்பார் இன்னொருவர். வாட்ச்மேன் எதுவும் பேசாமல், தள்ளுவதற்குத் தோதாக வண்டியின் பின்பக்கம் போய் நின்றுகொள்வார்.

இந்த விவாதத்தில் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியது ஹெட்லைட்டின் சாட்சியம். சாதாரண ஹாலஜன் பல்பு ஒன்று 55 அல்லது 60 வாட். 12 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 5 ஆம்பியர். இரண்டுக்கும் சேர்த்து 10. ஹாரனுக்கும் சில ஆம்பியர்கள் போதும். ஆனால் ஒரு சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார், எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே 100 முதல் 150 ஆம்பியர் வரை கேட்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த முதல் கணத்தில் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு கேட்கும். மோட்டார் சுழலத் தொடங்கிய பிறகுதான் அதற்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தம் உருவாகி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அசையாமல் நிற்கும் மோட்டாரில் அந்தத் தடுப்பு கிடையாது. விளக்கு பளிச்சென்று எரிவதால், அந்த வழியில் 10 ஆம்பியர் வருகிறது என்று மட்டும் தெரியும். 150 வருமா, 300 வருமா என்பதைப் பற்றி விளக்குக்கு எதுவும் தெரியாது.

இந்த ஒரு விஷயம் புரியாததால்தான் நல்ல பேட்டரிகள் பழைய விலைக்குப் போகின்றன, நல்ல செல்ஃப் மோட்டார்கள் கழற்றப்படுகின்றன. இந்தப் பழுது வண்டி சும்மா நிற்கும்போது தன்னைக் காட்டிக்கொள்ளாது. பாரம் ஏறும் அந்த இரண்டு நொடியில்தான் வெளியே வரும். சோதனையையும் அப்போதுதான் செய்ய வேண்டும்.

அந்த ‘டக்’ எங்கிருந்து வருகிறது? சாவியில் ஓடுவது சிறிய மின்னோட்டம். அது ஃபியூஸ் பெட்டியிலுள்ள ரிலேயை இயக்குகிறது. ரிலே, செல்ஃப் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டுக்கு மின்சாரத்தை அனுப்புகிறது. சொலினாய்டு என்பது ஒரு கம்பிச்சுருள், அதற்குள் நகரும் ஓர் இரும்புத் தண்டு. சுருள் காந்தமானதும் தண்டு உள்ளே இழுபடும். அந்த ஒரே அசைவில் இரண்டு வேலைகள் முடிகின்றன. ஒரு முனையில் நெம்புகோல் ஒன்று சிறிய பினியன் பற்சக்கரத்தை வெளியே தள்ளி ஃப்ளைவீலின் விளிம்பிலுள்ள ரிங் கியரோடு கோத்துவிடுகிறது. மறுமுனையில் ஒரு செம்புத் தகடு இரண்டு தடித்த முனைகளின் மேல் போய் மோதி, பேட்டரியிலிருந்து வரும் கனத்த கேபிளை மோட்டாரோடு இணைக்கிறது. காதில் விழுவது அந்தத் தண்டு போய் முட்டும் சத்தம்.

பினியனில் பத்துப் பல் இருந்தால் ரிங் கியரில் நூற்றுக்கும் மேல் இருக்கும். அந்தப் பல் கணக்குதான் சிறிய மோட்டாருக்குப் பெரிய எஞ்சினை அசைக்கும் முறுக்கு விசையைத் தருகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 200 சுற்று அளவில் சுழன்றால் போதும், எரிபொருள் பற்றிக்கொள்ளும். பற்றிய மறுநொடியே எஞ்சின் மோட்டாரைவிட வேகமாகிவிடும். அப்போது மோட்டாரை அது இழுத்துச் சுழற்றிச் சிதறடித்துவிடாமல் இருக்க, ஒரே திசையில் மட்டும் பிடிக்கும் ஒரு கிளட்ச் பினியனோடு சேர்ந்தே இருக்கிறது. பட்டறைகளில் இந்தத் தொகுப்புக்குப் பெயர் பெண்டிக்ஸ்.

இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும் ஒரு மோட்டார் ஒரு கிலோவாட் அளவுக்கு வேலை செய்வதை அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் கார் என்றால் முன்னால் குனிந்து இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி திருப்பி அடிக்கும். மணிக்கட்டருகே எலும்பு முறிவது அக்கால ஓட்டுநர்களுக்குச் சாதாரணமாக இருந்தது. எலும்பு மருத்துவ நூல்களில் அந்த முறிவு இன்றும் ஓட்டுநரின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. கெட்டரிங் அதற்கு முன் டேடன் நகரின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில், கல்லாப்பெட்டியை மின்மோட்டாரால் இயக்கும் வேலையைச் செய்தவர். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓடத் தேவையில்லை. ஒரு நொடி பலமாக உதைத்துவிட்டு ஓய்ந்துவிடலாம். தொடர்ந்து ஓடாத மோட்டார் மேல் அதன் தகுதிக்கு மீறிய பாரத்தை ஏற்றலாம், சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். அதே கணக்கைக் காருக்குக் கொண்டுபோனார். 1912-ஆம் ஆண்டு கடிலாக் கார்கள் செல்ஃப் ஸ்டார்ட்டருடன் வந்தன. காப்புரிமை 1915-ல் கிடைத்தது. அந்தக் கைப்பிடியைச் செருகும் துளை அம்பாசடர் காரில்கூட நெடுநாள் இருந்ததை ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கெட்டரிங்கின் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஓய்வு கொடுத்தாக வேண்டும். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள், இடையில் அரை நிமிடமாவது விடுங்கள் என்று கார் கையேடுகள் சொல்வது இதனால்தான். வண்டி எழும்பாத கோபத்தில் சாவியை முறுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பவர், ஒரு பழுதோடு இன்னொன்றையும் சேர்த்து விலைக்கு வாங்குகிறார்.

இனி சத்தத்தை உற்றுக் கேட்கலாம். ‘டக்’ ஒரு முறைதான் கேட்கிறதா, ‘டகடகடகடக’ என்று அடித்துக்கொள்கிறதா? இரண்டுக்கும் பொருள் வேறு.

சொலினாய்டுக்குள் உண்மையில் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. ஒன்று தண்டை இழுப்பதற்கு. அது தடித்த கம்பி, நிறைய மின்சாரம் குடிக்கும். மற்றது இழுத்த தண்டைப் பிடித்து நிறுத்துவதற்கு. மெல்லிய கம்பி, குறைந்த மின்சாரம் போதும். செம்புத் தகடு போய் முட்டியதும் இழுக்கும் சுருளின் இரு முனைகளிலும் ஒரே மின்னழுத்தம் வந்துவிடுவதால் அதில் மின்சாரம் ஓடுவது தானாகவே நின்றுவிடும். அதன் பிறகு பிடிக்கும் சுருள் மட்டும்தான் வேலை செய்கிறது. சிக்கனமான, அழகான ஏற்பாடு.

பேட்டரி தளர்ந்திருந்தால் இந்த அழகே வினையாகிறது. தண்டு உள்ளே இழுபட்டு, தகடு முட்டி, மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கேட்கும் அந்தக் கணத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் 12-லிருந்து 6, 5 என்று சரிந்துவிடும். அந்தச் சரிந்த அழுத்தத்தில் பிடிக்கும் சுருளால் தண்டைப் பிடிக்க முடியாது. ஸ்பிரிங் அதை வெளியே தள்ளிவிடும். தகடு விலகியதும் பாரம் போய்விடுகிறது, மின்னழுத்தம் மீள்கிறது, இழுக்கும் சுருள் மறுபடி இழுக்கிறது, மறுபடி சரிவு. நொடிக்குப் பல முறை இது நடக்கும்போது கேட்பதுதான் ‘டகடகடக’. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த மின்மணியும் இப்படித்தான் அடித்துக்கொள்ளும்: தன் மின்சாரத்தைத் தானே துண்டித்து, தானே இணைத்து. கார் அந்த மணியாகிவிட்டால், மோட்டாருக்குப் போகும் வழி திறந்துதான் இருக்கிறது, வந்து சேரும் மின்சாரம்தான் போதவில்லை என்று அர்த்தம். பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது பேட்டரி நன்றாக இருந்து அதன் டெர்மினல் கெட்டிருக்கலாம்.

ஒற்றை ‘டக்’ அவ்வளவு எளிதாகப் பிடிகொடுக்காது. தண்டு போய் முட்டி அங்கேயே நிற்கிறது, ஆனால் மோட்டார் சுழலவில்லை. சொலினாய்டின் செம்புத் தகடு தீய்ந்து கரிபிடித்திருக்கலாம். மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து ஆர்மேச்சரைத் தொடாமல் நிற்கலாம். கனத்த கேபிளின் முனை தளர்ந்திருக்கலாம். எஞ்சினே இறுகிப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. சில நேரம் மிகவும் தளர்ந்த பேட்டரியும் ஒற்றை ‘டக்’கோடு ஓய்ந்துவிடும்.

இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாத ஒரு சோதனை இருக்கிறது. கதவை மூடிவிட்டு, காருக்குள் கூரை விளக்கைப் போட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். (ஹெட்லைட்டைவிட இது நல்லது; பல கார்களில் செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் தானாகவே அணைந்துவிடும்.) விளக்கு மிகவும் மங்கினால், மின்சாரம் கேட்கப்படுகிறது, ஆனால் பேட்டரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. பேட்டரி, டெர்மினல், அல்லது அசைய மறுக்கும் மோட்டார் என்று தேட வேண்டும். விளக்கு முழுக்க அணைந்து, சாவியை விட்டதும் மெதுவாகத் திரும்பி வந்தால் டெர்மினல் மேல் சந்தேகம் வலுக்கும். விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிந்து ‘டக்’ மட்டும் கேட்டால், மோட்டாருக்குள் மின்சாரம் போகவே இல்லை. அப்போது பேட்டரி கடைக்குப் போவது வீண். செல்ஃப், அதன் கேபிள், எஞ்சினின் எர்த் இணைப்பு ஆகிய மூன்றில் ஒன்றுதான்.

சத்தமே இல்லையென்றால் அது வேறு கதை. கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டிகள் இப்போது நிறைய. ஆட்டோமேட்டிக் என்றால் லீவர் ‘பி’ அல்லது ‘என்’-ல் இருக்க வேண்டும். பொத்தான் அழுத்திக் கிளப்பும் கார் பிரேக்கை மிதித்தாயா என்று பார்க்கும்; பிரேக் விளக்கின் சுவிட்ச் கெட்டால்கூட அது கேட்காது. ஃபியூஸ் பெட்டியிலிருந்து ‘க்ளிக்’ என்று மெலிதாக மட்டும் கேட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து அந்தக் கனத்த ‘டக்’ வரவில்லையென்றால், ரிலேயைத் தாண்டிய சிறிய ஒயர் சொலினாய்டில் செருகும் இடத்தில் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் சோதனை, காரை நிறுத்திவைத்துப் பேட்டரியின் வோல்ட்டைப் பார்ப்பது. அதில் பயன் உண்டு, ஆனால் பாதிப் பயன்தான். முழுதாகச் சார்ஜ் ஆன ஈய-அமில பேட்டரியில் ஆறு செல்கள், செல்லுக்கு 2.1 வோல்ட், மொத்தம் 12.6. சில மணி நேரம் ஓய்ந்த பேட்டரி 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது, 12.0 என்றால் கால்வாசி. 10.5 காட்டினால் கதை முடிந்தது: ஆறில் ஒரு செல் செத்துவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம். மூடி திறக்காத பேட்டரிகளில் பச்சையாகத் தெரியும் கண்ணாடிக் கண்ணையும் முழுதாக நம்ப முடியாது. அது பார்ப்பது ஒரே ஒரு செல்லை. மற்ற ஐந்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

12.6 காட்டிய பேட்டரியும் செல்ஃப் அடிக்கும்போது கவிழ்ந்துவிடலாம். புதிய பேட்டரியின் உள் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். வயதாக ஆக அது பெருகும். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே எடுக்காத கருவி என்பதால் அந்தத் தடை அதன் கண்ணில் படாது. ஆகவே முனைகளில் மீட்டரை வைத்தபடி இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். எஞ்சின் சுழலும்போது 10 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் பேட்டரி நலம். 9.6-க்குக் கீழே போனால் தளர்ச்சி. ‘டக்’ மட்டும் கேட்டு, மீட்டர் 12-ஐ விட்டு அசையவே இல்லையென்றால், பேட்டரி கொடுக்கத் தயார், வாங்கத்தான் ஆளில்லை.

இங்கேதான் ஜார்ஜ் சைமன் ஓம் உதவிக்கு வருகிறார். 1827-ல் அந்த ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் வெளியிட்ட விதி பத்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது: மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் இழக்கும் மின்னழுத்தம். பேட்டரி டெர்மினலில் பூத்த உப்பு வெறும் 0.05 ஓம் தடையைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட்டின் 10 ஆம்பியர் அதைக் கடக்கும்போது இழப்பு அரை வோல்ட், கண்ணுக்குத் தெரியாது. செல்ஃபின் 150 ஆம்பியர் கடக்க முயன்றால் இழப்பு ஏழரை வோல்ட். மோட்டாருக்கு மிஞ்சுவது ஐந்து. அதே பேட்டரி, அதே டெர்மினல். விளக்கு பளிச்சென்று எரியும், செல்ஃப் எடுக்காது. கார் நிறுத்துமிடத்து விவாதத்துக்கு இந்த ஒரு பெருக்கல் கணக்கே பதில்.

0.05 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் நேரடியாக அளக்கலாமே என்றால் முடியாது; மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. அதனால் தடையை விட்டுவிட்டு இழப்பை அளக்க வேண்டும். ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கட்டையிலும் (அதன் மேல் மாட்டிய கிளாம்பில் அல்ல), மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரில் கனத்த கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. நெகட்டிவ் கட்டைக்கும் எஞ்சினின் வெற்று உலோகத்துக்கும் இடையே 0.2, 0.3-க்கு மேல் போகக் கூடாது. எங்கே கூடுதலாக இருக்கிறதோ அங்கே பழுது. நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இதை இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார். செய்யாமலே பேட்டரியை மாற்றச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

நெகட்டிவ் பக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எஞ்சின், அதிர்வு உடம்புக்கு வராமலிருக்க ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே செல்ஃபுக்குப் போன 150 ஆம்பியரும் திரும்பி வர, எஞ்சினிலிருந்து பேட்டரிக்கோ பாடிக்கோ ஒரு தடித்த எர்த் கேபிள் வேண்டும். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் அது மெல்ல அரித்துப்போகும். பழைய கார்ப்யூரேட்டர் கார்களில் எர்த் அறுந்தபோது மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப முயன்று, அந்த மெல்லிய கேபிள் சூடேறிப் புகைந்த சம்பவங்கள் மெக்கானிக்குகளிடையே பிரசித்தம்.

டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் ஈய சல்பேட். நீலமும் பச்சையுமாக இருந்தால் செம்பு சல்பேட். அமில ஆவியும் உலோகமும் சேர்ந்து செய்த வேலை. நம் ஊர்ப் பட்டறைகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கரைத்துவிடுவார்கள்; வேலை ஆகும், ஆனால் அமிலம் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலந்து தடவினால் நுரைத்துப் பொங்கும். அமிலத்தைச் சோடா முறித்து கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறுகிறது. நுரை அடங்கியதும் கழுவி, உலர்த்தி, ஈயக் கட்டையையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் பூசினால் நெடுநாள் தாங்கும். வாசலினை முதலில் பூசிவிட்டுக் கிளாம்பை மாட்டக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டுவிட்டால், ஒரு நொடியில் ஸ்பேனரே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும்.

பேட்டரி ஏன் சாகிறது? குளிர்நாடுகளில் பனிக்காலக் காலையில் அது சாவதுபோல் தெரியும். குளிரில் வேதிவினை மந்தமாகிறது, எஞ்சின் எண்ணெயும் கெட்டியாகிறது. ஆனால் பேட்டரியை உண்மையில் கொல்வது வெயில். வேலூரிலும் திருச்சியிலும் மே மாத நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். போனெட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அத்துறையினரின் தோராயக் கணக்கு. வெப்பத்தில் தண்ணீர் வற்றுகிறது, தகடுகளின் ஈயச் சட்டகம் அரிக்கிறது.

ஓடாமல் நிற்பதும் கொல்லும். நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம், கணினியின் நினைவகம் எல்லாம் விழித்திருக்கின்றன. இந்தக் கசிவு 50 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அந்த வரம்பில் நின்றாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். சிறிய பெட்ரோல் கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. இரண்டு வாரத்தில் பாதி காலி. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கி, கார்கள் வாரக்கணக்கில் நின்று, கடைசியில் சாவியைத் திருப்பியபோது ஊரெங்கும் ‘டகடகடக’ கேட்டது இதனால்தான். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரியில் ஈய சல்பேட் பெரிய படிகங்களாக இறுகிவிடும். அதன் பிறகு சார்ஜ் செய்தாலும் தகட்டின் அந்தப் பகுதி மீளாது.

சில நேரம் குற்றவாளி பேட்டரியாகவே இருந்தும், காரணம் வேறாக இருக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் (பட்டறை மொழியில் டைனமோ) சார்ஜ் செய்யவில்லை. புதுப் பேட்டரி போட்டாலும் சீக்கிரமே அதே ‘டக்’ திரும்பும்.

பக்கத்துக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போடுவதில் வரிசை முக்கியம். சிவப்பு, இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில். மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு, நல்ல பேட்டரியின் நெகட்டிவில். அதன் மறுமுனையை இறங்கிய பேட்டரிக்குக் கொண்டுபோகாமல், அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் கவ்வ வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். பொறியைப் பேட்டரியிடமிருந்து தள்ளிவைப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. இணைத்தவுடன் செல்ஃப் அடிக்காமல், நல்ல காரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டால் இறங்கிய பேட்டரியும் கொஞ்சம் ஏறிக்கொள்ளும். மலிவான கேபிள்கள் பலவற்றில் ரப்பர் உறைதான் தடிமன், உள்ளே கம்பி மெலிசு. மறுபடியும் ஓம் விதி.

வாட்ச்மேனின் யோசனைக்கும் மதிப்பு உண்டு. மேனுவல் கியர் வண்டியை இரண்டாவது கியரில் வைத்துத் தள்ளினால் சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றும், செல்ஃபே தேவையில்லை. ஆனால் பேட்டரி அடியோடு காலியென்றால் எரிபொருள் பம்ப்பும் கணினியும் எழாது. ஆட்டோமேட்டிக்கில் தள்ளுவதே வீண் வேலை.

ஒற்றை ‘டக்’குக்கு இன்னொரு நாட்டு வைத்தியம், செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் தட்டுவது. தேய்ந்த பிரஷ் அந்த அதிர்வில் ஆர்மேச்சரைத் தொட்டு ஒரு முறை எழுப்பிவிடும். பழைய மோட்டார்களுக்கு இது சரி. இன்றைய பல மோட்டார்களில் கம்பிச்சுருளுக்குப் பதில் ஃபெரைட் காந்தங்கள் இருக்கின்றன. ஓங்கித் தட்டினால் அவை விரிசல் விடும். தட்டி எழுந்த வண்டியை நேராகப் பட்டறைக்கு ஓட்டிப்போக வேண்டும், மறுநாள் அது எழும்பாமல் போகலாம். பிரஷ், புஷ், பெண்டிக்ஸ் மாற்றி செல்ஃபைப் புதுப்பிக்கும் கைத்தொழில் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறது. சென்னை பாடியிலுள்ள லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை தயாரித்த மோட்டார்களைக் கழற்றி மாட்டியே தொழில் கற்ற மெக்கானிக்குகள் ஏராளம். முழு மோட்டாரையும் மாற்றச் சொல்லும் இடத்தில், தகடும் பிரஷும் மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஒரு சூழ்நிலையில் மட்டும் ‘டக்’ கேட்டதும் சாவியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசைதான் எல்லோருக்கும் முதலில் வரும். காற்று உறிஞ்சும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அதை அமுக்க முடியாது, தண்ணீர் அமுங்காது. 998 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினில் அழுத்த விகிதம் 10 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 37 மில்லி லிட்டர். அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் இருந்தாலே எஞ்சின் பூட்டிக்கொள்ளும். செல்ஃப் ‘டக்’ என்று முட்டி நிற்பது அங்கே பழுதல்ல, எச்சரிக்கை. கட்டி இழுத்தோ தள்ளியோ கியரில் போட்டால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று காப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு மழைக்கும் சொல்வது இதைத்தான். இப்படிக் கெட்ட எஞ்சினுக்கு, தனியாக எஞ்சின் பாதுகாப்புச் சேர்ப்பு எடுக்காவிட்டால், சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கடினம்.

மின்சாரக் கார் வந்தால் இந்தத் தொல்லை ஒழியும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அவற்றிலும் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கதவுப் பூட்டு, திரைகள், கணினி எல்லாவற்றையும் எழுப்புவதும், நூற்றுக்கணக்கான வோல்ட் கொண்ட பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ரிலேக்களை மூடுவதும் அதுதான். அது இறங்கினால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் அசையாது. ஹூண்டாயின் ஐயோனிக் 5 கார்களில் 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பகுதி பழுதாகலாம் என்று தெரிந்து 2024-ல் அவை திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவில் விற்றவையும் அதில் சேர்த்தி. இப்படி நின்றுபோன மின்சாரக் காருக்கும் பக்கத்துக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போடலாம், அங்கே சில ஆம்பியர்கள் போதும். இதையே தலைகீழாகச் செய்ய முடியாது. மின்சாரக் காரின் சிறிய பேட்டரியிலிருந்து கேபிள் இழுத்து ஒரு பெட்ரோல் காரை எழுப்ப முயலாதீர்கள் என்று பல கையேடுகள் எச்சரிக்கின்றன. செல்ஃப் மோட்டார் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொடுப்பதற்காக அந்த அமைப்பு வடிவமைக்கப்படவில்லை.